மணி... மணி... மணி!

எங்கள் வீட்டு நாயின் பெயர் மணி. பேர் வைத்தது என் மகள். "டைசன், புரூனோ என்று வைக்காமல் இதென்ன பேர்?" என்று கேட்டதற்கு, "தெரு நாய்க்குத் தெருப் பேர்தாம்ப்பா நிக்கும்" என்றாள். ஒரு ஐப்பசி மழைக்கு எங்கள் மடிப்பாக்கம் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒதுங்கிய குட்டி அது. 'மழை நிக்கிற வரைக்கும் இருக்கட்டும்' என்று நான்தான் பெரிய மனசு பண்ணி அனுமதித்தேன். மழை நின்று ஆறு வருஷமாகிறது. மகள் கல்யாணமாகி பெங்களூர் போய்விட்டாள். மணி போகவில்லை.

வீட்டுக்கு வருகிறவர்கள் பேச்சுவாக்கில் "மணி என்ன?" என்று கேட்டால் போதும், வாலை ஆட்டிக்கொண்டு வந்து நிற்கும். ஆனால் அந்த வார்த்தைக்கு இங்கிலீஷில் மூன்றாவதாக ஒரு அர்த்தம் இருப்பது போன மாதம் 27-ம் தேதி ராத்திரிதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் என் நட்சத்திரப் பிறந்தநாள். பாயசத்துக்காகக் கால் கிலோ உலர்ந்த திராட்சை வாங்கி மேஜை மேல் வைத்திருந்தோம். ராத்திரி பதினொன்றேகாலுக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். பாக்கெட் தரையில் கிழிந்து கிடந்தது. பாதிக்கு மேல் காணோம். பக்கத்தில் மணி, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"திராட்சைதானே, உடம்புக்கு நல்லது" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனேன். என் மனைவி எதற்கும் இருக்கட்டும் என்று மகளுக்கு போன் போட்டாள். அந்தப் பக்கத்திலிருந்து வந்த அலறல் ஸ்பீக்கர் போடாமலே எனக்குக் கேட்டது. "அம்மா! திராட்சை நாய்க்கு விஷம்! கிட்னி போயிடும்! உடனே தூக்கிட்டு ஓடுங்க!"

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் அது நிஜம். பச்சைத் திராட்சையானாலும் உலர்ந்த திராட்சையானாலும் சில நாய்களுக்குச் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்துவிடும். எந்த நாய்க்கு எவ்வளவு தின்றால் ஆபத்து என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அதிலுள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று 2021-ல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் சிலர் எழுதினார்கள். நம் புளியிலும் அதே அமிலம்தான். ஆறு வருஷமாக மணிக்குப் புளிக்குழம்பு சாதம் போடாதது எங்கள் புத்திசாலித்தனம் இல்லை. அதற்குத் தயிர் சாதம்தான் பிடிக்கும்.

வழக்கமாகக் காட்டும் டாக்டர் ராத்திரி எட்டு மணிக்கே ஷட்டரை இறக்கிவிடுவார். மகள் எங்கெங்கோ தேடி, ராத்திரியும் திறந்திருக்கும் ஓர் ஆஸ்பத்திரியைக் கண்டுபிடித்துச் சொன்னாள். அங்கே போனில் பேசிய பெண், "நீங்களா உப்புத் தண்ணி கிப்புத் தண்ணி எதுவும் ஊத்தாதீங்க சார். சீக்கிரம் வாங்க. ரெண்டு மணி நேரத்துக்குள்ள வாந்தி எடுக்க வெச்சாத்தான் நல்லது" என்றாள். அந்த உப்புத் தண்ணீர் யோசனை அப்போதுதான் என் மண்டையில் உதித்திருந்தது!

இரண்டு ஆட்டோக்கள் நாயைப் பார்த்ததும் பறந்துவிட்டன. மூன்றாவது ஆட்டோக்காரர், "கடிக்குமா சார்?" என்றார். "கடிக்காதுப்பா." "எங்க வூட்லயும் ஒண்ணு கீது. ஏறு சார்" என்றார். நானூறு ரூபாய்.

ஆஸ்பத்திரியில் இளவயசு லேடி டாக்டர். என் மகள் வயசுதான் இருக்கும். மணியைத் தடவிப் பார்த்தபடியே விஷயத்தைச் சொன்னார். ஊசி போட்டு வாந்தி எடுக்க வைக்க வேண்டும். ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு நாள் விடாமல் டிரிப் ஏற்ற வேண்டும். மூன்று நாளைக்குக் கிட்னி என்ன சொல்கிறது என்று கவனிக்க வேண்டும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நான் கேட்ட முதல் கேள்வி: "எவ்ளோ ஆகும்?"

அதே நேரத்தில் என் மனைவி கேட்டாள்: "பொழச்சுக்குமா டாக்டர்?"

இரண்டு கேள்வியும் ஒரே சமயத்தில் மோதிக்கொண்டன. டாக்டர் அவளுக்குத்தான் முதலில் பதில் சொன்னார். என்னைக் கவுண்ட்டருக்குக் கைகாட்டினார்.

கவுண்ட்டர் பையன் ஒரு தாளில் கணக்கு எழுதிக் கொடுத்தான். ராத்திரி கன்சல்டேஷன் 1,500. (பகலில் 500-தான்.) ரத்தப் பரிசோதனை 1,800. ஊசி, மருந்து வகையில் 2,640. டிரிப்பும் தங்கும் கட்டணமும் நாளைக்கு 3,000 வீதம் இரண்டு நாளைக்கு 6,000. மறுபடி இரண்டு தடவை ரத்தம் பார்க்க 2,400. ஆக மொத்தம் 14,340 ரூபாய். "அட்வான்ஸ் பத்தாயிரம் கட்டிடுங்க சார்."

27-ம் தேதி, சார்! பென்ஷன் வருவது 30-ம் தேதி. என் பாங்க் கணக்கில் இருந்தது 3,912 ரூபாய். நான் முழிப்பதைப் பார்த்து, என் மனைவி கையிலிருந்த மஞ்சப்பையைப் பிரித்தாள். உள்ளே எங்கள் வீட்டுத் துவரம்பருப்பு டப்பா! மூடியைத் திறந்து, பருப்புக்கு நடுவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். ஒன்பதாயிரம் ரூபாய். முப்பத்தெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் அந்த டப்பாவில் பருப்பு மட்டும்தான் இருக்கிறது என்று நம்பியவன் நான். மிச்சம் ஆயிரத்தை என் கணக்கிலிருந்து போட்டேன்.

மணியை உள்ளே கொண்டுபோனார்கள். நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்தோம். எதிரே ஒரு பையன், வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறவன். கம்பெனி டீ-ஷர்ட்டோடு, மடியில் துண்டு சுற்றிய ஒரு நாய்க்குட்டியோடு உட்கார்ந்திருந்தான். துண்டில் ரத்தக் கறை. பார்வோ வைரஸ். குட்டி நாய்களை வாந்தியும் ரத்தபேதியுமாக வாட்டி எடுக்கிற வியாதி. அதற்கான தடுப்பூசி சில நூறு ரூபாய்தான். வந்தபிறகு பார்க்க ஆயிரக்கணக்கில் ஆகும். அவன் கையிலும் ஒரு தாள் இருந்தது.

"மேடம், காலைல வந்தா கம்மியா ஆகுமா?" என்று கேட்டான்.

"கன்சல்டேஷன் கம்மிதான். ஆனா காலை வரைக்கும்..." என்ற டாக்டர் அதற்கு மேல் முடிக்கவில்லை. குட்டிக்கு ஒரு ஊசி போட்டார். அதற்குக் காசு வாங்கவில்லை. "வேப்பேரி காலேஜ் ஆஸ்பத்திரி தெரியுமில்ல? அங்க செலவு ரொம்பக் கம்மி. விடிஞ்சதும் மொதல் ஆளா நில்லுங்க" என்றார். பையன் குட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பைக்கைக் கிளப்பினான். மணி அப்போது ஒன்று பத்து.

எனக்குக் கொஞ்சம் கோபம் வந்துவிட்டது. இரண்டு மணிக்கு டாக்டர் டீ குடிக்க வெளியே வந்தபோது கேட்டே விட்டேன். "ஏம்மா, ராத்திரின்னா மூணு மடங்கா? வாயில்லா ஜீவன் நேரம் பார்த்தா நோவுல விழும்?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அங்கிள், பகல்ல இங்க அம்பது பேர் வருவாங்க. ராத்திரி மூணோ நாலோதான். ஆனா நான், உதவிக்கு ரெண்டு பேர், லேப், கரண்ட், ஆக்ஸிஜன் எல்லாம் ஒருத்தருமே வராட்டாலும் முழிச்சிருக்கணும். அந்தச் செலவை வர்ற மூணு பேர்தானே பங்கு போட்டுக்கணும்? மனுஷங்களுக்குன்னா கவர்மென்ட் காப்பீடு இருக்கு, ஆபீஸ் இன்ஷூரன்ஸ் இருக்கு. நாய்க்கும் இன்ஷூரன்ஸ் இருக்கு, ஆனா எடுத்தவங்க யாரு? முழுசும் உங்க பாக்கெட்லருந்துதான் வருது. அதான் வலிக்குது" என்றார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அந்தப் பையன் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனதிலும் ஒரு தப்பும் இல்லை. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் கணக்கு இடிக்கிறது. மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் ஆரம்பித்தது. நூற்றிருபது வருஷத்துக்கு மேல் ஆகியும், இந்தப் பெரிய ஊரில் ராத்திரி ஒன்றரை மணிக்கு ஏழை வீட்டு நாய்க்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த ஒரு வாசல்தான். பேட்டைக்கு ஒன்று இருந்தால் என்ன?

மணி பிழைத்துக்கொண்டது. மூன்றாம் ரத்தப் பரிசோதனையிலும் கிட்னி நார்மல். பாக்கி 4,340 ரூபாயை மகள் அனுப்பினாள். வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக மேஜையைத்தான் மோந்து பார்த்தது!

இப்போது எங்கள் பிரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. திராட்சை, சாக்லேட், வெங்காயம், சர்க்கரை இல்லாத சூயிங்கம், நாம் காய்ச்சலுக்குப் போட்டுக்கொள்ளும் பாரசிட்டமால், இதெல்லாம் மணியின் கண்ணில் படக்கூடாது. கீழே ராத்திரி ஆஸ்பத்திரியின் போன் நம்பர். உங்கள் வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் இன்றைக்கே ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிடுங்கள். பதினொன்றேகால் மணிக்குத் தேட ஆரம்பித்தால் கை நடுங்கும்.

அந்தக் குட்டி என்ன ஆயிற்றென்று தெரியவில்லை. பையனின் போன் நம்பரையாவது கேட்டிருக்கலாம். என்னிடம் அப்போது இரண்டாயிரத்துச் சொச்சம் பாக்கி இருந்தது. 'நம்ம நாய்க்கே இன்னும் எவ்வளவு ஆகுமோ' என்று பேசாமல் உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டுப் பையோடு பைக் எது போனாலும் இப்போதெல்லாம் முகத்தைப் பார்க்கிறேன்.

இன்னொரு விஷயமும் கண்ணில் பட்டது. என் மனைவி கொஞ்ச நாளாக ஒரு பக்கமாகவே மெல்லுகிறாள். கேட்டால், "ஒண்ணுமில்லைங்க, கடைவாய்ப் பல்லுக்குத் தொப்பி போடணும்னு டாக்டர் சொன்னார். மெதுவா போட்டுக்கலாம்" என்றாள். அந்த ஒன்பதாயிரம் எதற்காகப் பருப்புக்குள் இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

பென்ஷன் வந்த அன்று சமையலறைக்குப் போய், டப்பாவைத் திறந்து மூவாயிரத்தைச் செருகினேன். அவள் பார்த்துவிட்டாள்.

"என்னங்க, பருப்புல கை விடறீங்க? மணிக்கா?"

"இல்லை. முதல்ல உன் பல்லுக்கு. மணிக்கு அடுத்த மாசத்துலேர்ந்து."

தன் பேர் காதில் விழுந்ததும் அது வாலை ஆட்டிக்கொண்டு வந்து நின்றது.