குறைந்த விலையில் கூடுதல் வேகம்

கணிப்பொறியின் பிராசசரை, தொழிற்சாலை விதித்த வேகத்தினும் மிகுதியாக ஓட வைப்பதை ‘ஓவர்கிளாக்கிங்’ என்பர். செல்வர் வீட்டு விளையாட்டு என்று எண்ணிவிடாதீர்கள். ஏழை மாணவனுக்கே இது பெரிதும் வேண்டுவது.

1998-இல் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ இதற்குச் சான்று. 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸை 4.5-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 300. மதர்போர்டில் பஸ்ஸை 100 ஆக்கினாலோ 450! விலையுயர்ந்த பென்டியம் 2-க்கு ஈடாக அது ஓடிற்று.

அவ்வழி பின்னர் அடைபட்டது. இன்டெலில் பெரும்பாலும் ‘கே’ எழுத்துள்ள பிராசசரும் ‘இசட்’ வகை போர்டும் வேண்டும். இரண்டும் விலை மிகுந்தவை. என் கையிலிருந்ததோ மாட்டுத்தாவணி மலர்ச்சந்தையில் அப்பா மல்லிகை விற்றுச் சேர்த்த பணம். அதில் ஒரு ரூபாயும் வீணாகலாகாது. ஆகவே, 2017-இல் வந்த ஏஎம்டி ரைசன் 3 1200-ஐ செகண்ட்ஹேண்டில் வாங்கினேன். அதன் பெருக்கெண் பூட்டப்படாதது. கடைக்காரர் மலிவென்று ஏ320 போர்டையே நீட்டினார். அதில் வேகத்தைக் கூட்ட இயலாது. பி450 தான் வேண்டுமென்று நான் அசையவில்லை. மிச்சம் பிடிப்பதாயின் பிராசசரில் பிடிக்கலாம், போர்டில் கூடாது என்பது என் கட்சி. மின்னழுத்தத்தைச் சீராக்கும் பாகங்களின்மேல் அலுமினிய ஹீட்சிங்க் உண்டா என்றும் பார்த்துக்கொண்டேன்.

காரணம், நம்மூர் வெயில்! மின்னழுத்தத்தை 10 விழுக்காடு கூட்டினால், வேகம் மாறாவிடினும், வெப்பம் சுமார் 21 விழுக்காடு ஏறும். (இயற்பியல் வகுப்பில் தூங்காதவர்கள் அறிவர்.) 3.1 கிகாஹெர்ட்ஸ் பிராசசர் இப்போது 3.7-இல் ஓடுகிறது. 3.8 சித்திரையில் நிற்கவில்லை; மார்கழியில் மீண்டும் முயல எண்ணம்.