கைரேகையும் கடவெண்ணும்

ஒருவர் தம்மை இன்னார் என்று கூறுதல் எளிது. அவர் கூறியது மெய்யென்று துணிதல் அரிது. இவ்விரண்டற்கும் உள்ள வேற்றுமையை மறந்தமையாலன்றோ பாண்டியன் அரசும் உயிரும் இழந்தான்? பொற்கொல்லன் சொல்லை அவன் ஏற்றான். சிலம்பினுள் இருப்பது யாதென ஆராய்ந்திலன். அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துக்கள். கண்ணகியின் சிலம்பில் இருந்தவை மாணிக்கங்கள். அதனை உடைத்துக் காண்பதற்கு ஒரு நொடி போதும். அந்நொடி தீர்ப்புக்கு முன் வாராது பின் வந்தது. சிலப்பதிகாரம் பயிலுங்கால் இதனை யாம் நன்குணர்ந்தோம். ஆயினும் இதே வினா ஒரு சிறு கைப்பேசிச் செயலியினுள்ளும் எழும் என்பதை இவ்வாண்டுதான் கண்டோம். அதனை ஈண்டு எம்மால் இயன்றவாறு எழுதப் புகுகின்றோம்.

விடுதியில் எம்முடன் உறையும் தோழர் மூவர் கணினி அறிவியல் பயில்வோர். எம் ஊர் மகளிர் சுய உதவிக் குழு ஒன்றன் கணக்கேட்டைக் கைப்பேசியிற் காணுமாறு ஒரு செயலி இயற்ற அவர்கள் முற்பட்டனர். திரையில் தோன்றும் வாக்கியங்களை நல்ல தமிழில் எழுதித் தருதல் தமிழ் மாணவராகிய எம் பங்காயிற்று. அவ்வேட்டில் இருப்பவை சிறு தொகைகளே: இன்னார் சேமித்தது இவ்வளவு, கடன் கொண்டது இவ்வளவு, நின்ற தவணை இத்துணை என்பன. ஆயினும் அச் சிறு தொகையை மறைத்து வைப்பதில் ஒரு குடும்பத்தின் நலமே அடங்கியிருத்தலும் உண்டு. மகளின் படிப்புக்கென்று தாய் சேர்த்த பணம் இருப்பதை வீட்டில் ஒருவர் அறிந்தால் அது மறுநாள் மதுக்கடைக்குச் சென்றுவிடுதல் நாம் காணாததன்று. ஆகவே, "பூட்டு நன்றாயிருக்கட்டும்" என்பதே குழுவினர் எம் தோழரிடம் முதற்கண் வேண்டியது.

குழுவினரிடம் இருந்த கைப்பேசிகள் பெரும்பாலும் ஆண்ட்ராய்டு வகையின. ஒன்றிரண்டு, வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வாங்கித் தந்த பழைய ஐபோன்கள். இருவகைக்கும் தனித்தனியே எழுதாது ஒரு முறை எழுதி இரண்டிலும் இயக்கும் பொருட்டு, கூகிள் நிறுவனம் வெளியிட்ட ஃபிளட்டர் என்னும் கருவித்தொகுதியைத் தோழர் கைக்கொண்டனர். திரையும் எழுத்தும் இரண்டிலும் ஒன்றேயாயினும் பூட்டு மட்டும் அவ்வக் கைப்பேசிக்கே உரியது. ஐபோனில் விரல்ரேகை காணும் முறை 2013ஆம் ஆண்டிலும், முகம் காணும் முறை 2017ஆம் ஆண்டிலும் வந்தன. ஆண்ட்ராய்டில் எல்லாச் செயலிகட்கும் பொதுவான சரிபார்ப்புத் திரை 2018ஆம் ஆண்டில் வெளிவந்த ஒன்பதாம் பதிப்பில் அமைந்தது. 'லோக்கல் ஆத்' என்னும் தொகுப்பு இவ்விரண்டுக்கும் இடைநின்று பேசும் துபாசி போன்றது. முகத்தை ஏன் காண விரும்புகின்றோம் என்னும் காரணத்தை ஐபோனுக்கு முன்னரே எழுதி வைத்தல் வேண்டும். எழுதாதவிடத்து, முகம் காணும் முறையைச் செயலி கைக்கொள்ள இயலாது. அக்காரண வாக்கியமே யாம் எழுதிய முதல் வாக்கியம்.

ஈண்டுப் பலர் கொள்ளும் ஓர் ஐயத்தை நீக்குதல் தகும். நம் ரேகையைச் செயலி எடுத்துக்கொள்வதில்லை. அதன் குறிப்புக் கைப்பேசியினுள் காப்புடையதொரு தனியிடத்தில் இருக்கின்றது. செயலி வினவுகின்றது, கைப்பேசி விரலைப் பார்த்து 'ஆம்' என்றோ 'அன்று' என்றோ விடை பகர்கின்றது. அவ்வளவே.

செயலி ஒருவாறு உருப்பெற்றபின் அதனை முதலில் ஆராய்ந்தவர் குழுவின் மூத்த உறுப்பினராகிய எம் பாட்டியார். அவர் முப்பது ஆண்டு உப்பளத்தில் உழைத்தவர். உப்பும் வெயிலும் அவர் விரல் நுனியைத் தேய்த்து வழவழப்பாக்கிவிட்டன. ஒரு முறை ஏற்ற விரலை மறுமுறை கைப்பேசி ஏற்கவில்லை. துடைத்து வைத்தார், வேறு விரலை வைத்தார், பயனில்லை. "என் பேரைச் சொன்னா அதுக்குப் போதாதா, ஐயா?" என்று எம்மைப் பார்த்துக் கேட்டார். அவர் வினாவுக்கு, போதாது என்பதே விடை. பெயரை எவரும் கூறலாமன்றோ? ஆயினும் உழைத்தமையால் தேய்ந்த விரலுக்கு உரியவர் தம் பணத்தைத் தாமே காணமுடியாது நிற்றல் எவ்வகையில் நீதியாகும்? கைரேகை மட்டுமே வாயிலாயின், அவ்வாயில் வலிமை குன்றியோர்க்கே முதலில் அடைபடும் என்பதை அன்று கண்கூடாகக் கண்டோம்.

ஆதலின் கடவெண் இன்றியமையாததாயிற்று. நான்கு இலக்கமாயின் பதினாயிரம் எண்களே உள. ஆறு இலக்கமாயின் பத்து லட்சம். ஆறு இலக்கமே துணியப்பட்டது. அவ்வெண்ணை உள்ளவாறே எழுதி வைத்தல் பூட்டின்மேல் திறவுகோலைத் தொங்கவிடுவது போலாம். எனவே மீட்டறிய இயலாத வேற்றுருவாக்கி வைப்பர். அதுவும் முழுக் காப்பன்று. பத்து லட்சம் எண்ணையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தல் மனிதர்க்கு அரிதாயினும் கணினிக்கு எளிது. ஆதலின், தவறு மிகுந்தோறும் காத்திருக்கும் நேரமும் மிகுமாறு அமைத்து, அவ்வுருவையும் கைப்பேசியின் காப்பறையிலேயே வைத்தனர்.

இவற்றினும் அரிய வினா ஒன்று பின்னர் எழுந்தது. சிற்றூர் வீடுகளிற் கைப்பேசி ஒருவர்க்கே உரிய பொருளன்று. பாட்டி பெயரில் வாங்கியதைப் பேரன் ஆள்வான். பாடலும் ஆட்டமும் காணும் பொருட்டுத் தன் விரலையும் அதிற் பதிந்து வைத்திருப்பான். 'ஆம்' என்று கைப்பேசி கூறுங்கால், தன்னிடம் பதிந்த விரல்களுள் ஒன்று இது என்றே அது கூறுகின்றது. இவர் கணக்குக்கு உரியவர் என்று கூறவில்லை. பூட்டின் வலிமையை மட்டும் நோக்குவார் இதனை எளிதில் மறப்பர்.

இதற்குத் தோழர் கண்ட வழி இருபடியது. முதலாவது, வெறும் 'ஆம்' என்னும் சொல்லை நம்பாமை. சிதைக்கப்பட்ட கைப்பேசியில் 'அன்று' என்பதை 'ஆம்' என்று மாற்றிவிடுதல் கூடும். அச்சொல் பொற்கொல்லன் சொல்லை ஒக்கும். ஆதலின் கணக்கேட்டை மறையெழுத்தாக்கி, அதன் திறவுகோலைக் காப்பறையில் வைத்து, மெய்யாகவே விரல் சரிபார்க்கப்பட்டாலன்றி அது வெளிவாராதவாறு செய்தனர். சொல்லை மாற்றினும் ஏடு திறவாது. புதிய விரலொன்று பிற்பாடு பதியப்படின் அத்திறவுகோல் தானே பயனற்றதாகும். கடவெண்ணை இட்டாலன்றி மீளாது. இரண்டாவது, எல்லார்க்கும் கடவெண்ணே முதன்மையாகி, விரலும் முகமும் விரும்பினார்க்கு மட்டும் ஆதல். முன்னரே பதிந்த பேரனின் விரலைச் செயலியால் அறியமுடியாதாகலின், விரும்புவார்முன் ஓர் எச்சரிக்கை தோன்றும்: "இந்தக் கைப்பேசியில் வேறு எவராவது விரல் பதிந்திருந்தால் அவரும் உங்கள் கணக்கைப் பார்க்க முடியும்." யாம் எழுதிய வாக்கியங்களுள் மிகுதியும் திருத்தப்பட்டது இதுவே. இலக்கியத் தமிழில் எழுதியபோது அழகாயிருந்தது. குழுவினர் பேசும் தமிழுக்கு அணித்தாக எழுதியபின்னரே அனைவர்க்கும் விளங்கிற்று.

பிறிதொரு வாக்கியத்தையும் கூறுதல் வேண்டும். விரல் ஏற்கப்படாதபோது, "அனுமதி மறுக்கப்பட்டது" என்று தோழர் எழுதியிருந்தனர். அது குற்றவாளியை நோக்கிக் கூறுவது போன்றது. குறை ரேகையைக் காணமாட்டாத கருவியினுடையதேயன்றி அம்மூதாட்டியினுடையதன்று. "விரல் சரியாகத் தெரியவில்லை, மீண்டும் வையுங்கள், அல்லது எண்ணை இடுங்கள்" என்று மாற்றுமாறு வேண்டினோம், தோழரும் உடன்பட்டனர்.

கைரேகை வரலாற்றை நோக்குவார்க்கு இம்மாற்றம் சிறிதெனத் தோன்றாது. 1858ஆம் ஆண்டு வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அதிகாரி ஒப்பந்தக்காரர் ஒருவரின் உள்ளங்கைச் சுவட்டைப் பத்திரத்திற் பதிப்பித்தார். கையொப்பமிட்டவர் பின்னர் அதனை மறுத்தல் கூடாது என்பது அவர் கருத்து. 1897ஆம் ஆண்டு கல்கத்தாவில் கைரேகை நிலையம் அமைந்தது. ஆங்கு அசீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் இந்தியர் இருவர் ரேகைகளை வகைப்படுத்தும் முறைக்குப் பெரிதும் உழைத்தனர். ஆள்வோர் மக்களை நம்பாமையால் வளர்ந்த அக்கலை, இன்று ஓர் ஏழைத்தாயின் மறைபொருளைக் காக்கவும் துணையாகின்றது. ஒன்றே கருவி, அதனைக் கொள்வார் கருத்தே வேறு.

எனினும் கைரேகையை எல்லையின்றி நம்புதலும் தகாது. ஆதியாகமத்தில் ஈசாக்கு குரலால் யாக்கோபென்று ஐயுற்றும், ஆட்டுத்தோல் போர்த்த கையைத் தடவி ஏசாவென்று துணிந்து ஏமாந்தான். ஐபோன் விரல்ரேகை முறை வெளிவந்த 2013ஆம் ஆண்டு செப்டம்பரிலேயே, செருமனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப்பினர் கண்ணாடியிற் படிந்த சுவட்டினின்று போலி விரல் செய்து அதனைத் திறந்து காட்டினர். எண் பிறர்க்குத் தெரிந்துவிடின் வேறெண் கொள்ளலாம். விரல் பிறர் கைப்படின் வேறு விரலுக்கு எங்குச் செல்வது? மறுபுறம், உறங்குவார் விரலைப் பிறர் எடுத்து வைக்கலாம். உறங்குவார் நெஞ்சிலுள்ள எண்ணை எடுத்தல் இயலாது. எண்ணோ மறதிக்கு உட்பட்டது, விரல் மறவாது. ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புதலால் இரண்டும் வேண்டப்படுகின்றன.

தமிழ் பயில்வார்க்குக் கணினிக் கூடத்தில் என்ன வேலை என்று எம்மை வினவிய நண்பர் சிலர் உளர். பூட்டின் உள்ளமைப்பைத் தோழர் செய்தனர்; ஆனால் எந்தப் பூட்டைக் கொள்வது என்று ஒரு தாய் தானே தெரிந்து துணிவதற்கு அவளுக்கு விளங்கும் ஒரு வாக்கியம் வேண்டியிருந்தது. அவ்வாக்கியம் விளங்காதாயின் எத்துணை வலிய பூட்டும் அவளுக்குப் பிறர் பூட்டியதேயாகும். சொல்லின் பொருளைக் கேட்பார் உள்ளத்திற் சேர்ப்பதன்றோ நாம் பயிலும் கல்வி? அக்கல்விக்கு இத்தகைய இடங்கள் பல காத்திருக்கின்றன. நம் மாணவ நண்பர்கள் அவற்றை நாடிச் செல்வாராக.