மிச்ச டேப்பில் வந்த பாட்டு

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வளர்ந்தவர்களுக்கு ரெக்கார்டிங் சென்டர் என்றால் என்னவென்று சொல்லவே வேண்டாம். இப்போது கல்லூரியில் படிப்பவர்களுக்குத்தான் கொஞ்சம் விளக்க வேண்டும். பஸ் ஸ்டாண்ட் பக்கத்திலோ கடைத்தெருவிலோ ஒரு சின்னக் கடை. சுவர் முழுக்க இசைத்தட்டு உறைகள். வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதி, ஒரு காலி கேசட்டோடு கொடுத்துவிட்டு வர வேண்டும். நாலு நாள் கழித்துப் போனால் பாட்டு பதிந்த கேசட் கைக்கு வரும்.

60 நிமிட கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம். நாலரை நிமிடப் பாட்டு என்றால் ஆறு பாட்டு அடங்கும், மூன்று நிமிட டேப் மிஞ்சும். அதைச் சும்மா விட மனசு வராத கடைக்காரர்கள், தங்களுக்குப் பிடித்த பாட்டு ஒன்றைப் போட்டுவிடுவார்கள். இரண்டாவது சரணம் தொடங்கும்போது டேப் தீர்ந்து, 'டப்'பென்று பட்டன் எழும்பும். பட்டியலில் எழுதாத பாட்டு. அதுவும் பாதிப் பாட்டு. மீதியைக் கேட்காமல் தூக்கம் வராமல், மறுநாள் அதே கடை வாசலில் போய் நின்றவர்கள் ஊருக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள்.

அந்தக் காலத்தில் ஒரு புதுப் பாட்டு பெரும்பாலும் இன்னொருவர் மூலமாகத்தான் வந்து சேர்ந்தது. இலங்கை வானொலியிலும் விவித பாரதியிலும் பாட்டுக்கு முன்னால் படத்தின் பெயர், பாடியவர் பெயர் எல்லாம் சொல்வார்கள். நேயர் விருப்பத்தில், அந்தப் பாட்டை எந்த ஊரிலிருந்து யார் கேட்டார்கள் என்பதும் சேர்ந்து வரும். முகம் தெரியாத ஒருவருடைய ரசனை நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இதனால் என்ன பெரிதாக நடந்துவிட்டது என்று கேட்கலாம். சில பாட்டுகள் பிழைத்ததே இப்படித்தான். 1980-ல் வந்த 'நிழல்கள்' படத்துக்காக எஸ்.ஜானகி பாடிய 'தூரத்தில் நான் கண்ட' பாட்டு இசைத்தட்டில் இருந்தது, படத்தில் இல்லை. அடுத்த வருடம் 'அலைகள் ஓய்வதில்லை' இசைத்தட்டில் வந்த 'புத்தம் புது காலை'யும் அப்படித்தான். அதுவும் ஜானகி பாடியது, அதற்கும் திரையில் இடம் கிடைக்கவில்லை. நடிகர் முகம் இல்லை, காட்சி இல்லை, கதை இல்லை. வெறும் ஒலியாக மட்டும் இருந்த இந்த இரண்டு பாட்டையும் வானொலியும் கேசட்டும் "இதைக் கேட்டியா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்ட ரசிகர்களும்தான் காப்பாற்றினார்கள். 'புத்தம் புது காலை' 2014-ல் 'மேகா' படத்தில் ஒருவழியாகத் திரைக்கு வந்தபோது, அதற்கு 33 வயது ஆகியிருந்தது.

இன்றைக்கு டேப் தீரும் கவலை இல்லை. உலகத்துப் பாட்டெல்லாம் செல்போனில் இருக்கிறது. ஒரு பாட்டு முடிவதற்குள் செயலியே அடுத்ததைக் கொண்டுவந்து வைக்கிறது. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் காலை வணக்கத்துக்கும் பிறந்தநாள் கேக்குக்கும் நடுவே தினம் நாலு லிங்க் வந்து விழுகிறது. யாரும் திறப்பதில்லை. லிங்க்கோடு ஒரு வார்த்தைகூட வராததுதான் காரணம்.

திருச்சியில் ஒரு அப்பா. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள். அம்மா இருந்தவரை போனில் பேசுவது அம்மாவின் வேலை. "அப்பா பக்கத்துலதான் இருக்கார், பேசுறியா?" என்று கடைசியில் கொடுப்பார். அம்மா போன பிறகு அந்த அரை நிமிடம்தான் மொத்தப் பேச்சே என்று ஆனது.

"சாப்ட்டீங்களாப்பா?"

"ம். நீ சாப்ட்டியா?"

"ஆச்சுப்பா."

அதற்கு மேல் இருவருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. ஒருநாள் ராத்திரி அப்பாவிடமிருந்து ஒரு பாட்டு வந்தது. 1985-ல் வந்த 'சிந்து பைரவி'யில் ஜேசுதாஸ் பாடிய 'கலைவாணியே'. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். "ராகம்னா ஏறுறதுக்கு ஒரு வழி, இறங்குறதுக்கு ஒரு வழி இருக்கும்மா. கல்யாணி ராகத்துல இளையராஜா இதுல ஏறுற வழிய மட்டும்தான் வச்சிருக்கார். ஸ்வரம் ஏறிக்கிட்டே போகும், படிப்படியா இறங்காது. கவனிச்சுப் பாரு."

மகளுக்குச் சங்கீதம் தெரியாது. ஆனாலும் மூன்று தடவை கேட்டாள். "ஆமாப்பா! ஆனா எதுவும் குறையுற மாதிரியே தோணலையே" என்று பதில் போட்டாள். அடுத்த நாள் அதே படத்தின் 'மரி மரி நின்னே' வந்தது. காம்போதியில் பாடப்படும் தியாகராஜர் கீர்த்தனையை இளையராஜா சாரமதி ராகத்துக்கு மாற்றியதும், அது சரியா தப்பா என்று ஆபீஸ் கேண்டீனில் இரண்டு பேர் ஒரு மாதம் பேசாமல் இருந்ததும் ஏழு நிமிட வாய்ஸ் மெசேஜில் வந்தன. அப்பா தன்னிடம் ஏழு நிமிடம் தொடர்ந்து பேசியது மகளுக்கு அதுதான் முதல் தடவை.

பதிலுக்கு அவள் 'அட்டகத்தி'யிலிருந்து 'ஆசை ஒரு புல்வெளி' அனுப்பினாள். சந்தோஷ் நாராயணனின் முதல் படம், 2012. "இப்பல்லாம் பாட்டுல வார்த்தையே காதுல விழறதில்லம்மா" என்று தொடங்கினார் அப்பா. "முதல்ல அந்தக் குரல மட்டும் கேளுங்கப்பா. அதட்டவே மாட்டாரு, பக்கத்துல உக்காந்து பாடுற மாதிரி இருக்கும்" என்றாள். ஒரு நாள் முழுக்கச் சத்தமில்லை. மறுநாள் ராத்திரி வந்தது: "பையன் நல்லா பாடுறான். பேர் என்ன?"

பிரதீப் குமார் என்று சொன்னாள். அந்த வாரமே அவர் பாடிய வேறு பாட்டுகளை அப்பா தானாகத் தேடிக் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

சில மாதம் கழித்து 'தூரத்தில் நான் கண்ட' வந்தது. "அம்மாவுக்கு இது ரொம்பப் பிடிக்கும். கல்யாணமான புதுசுல பதிஞ்ச கேசட்ல, கடைசில பாதியா வந்துச்சு. முழுசா கேக்கணும்னு அம்மாதான் என்னை மறுபடி கடைக்கு அனுப்புனா."

அம்மாவுக்குப் பாட்டில் அவ்வளவாக ஈடுபாடு இல்லை என்றுதான் மகள் இத்தனை வருடம் நினைத்திருந்தாள். சமையலறையில் ரேடியோ ஓடும், அம்மா எதுவும் சொல்ல மாட்டார். கேட்டதும் இல்லை. அப்பா அனுப்பியிருக்காவிட்டால் இது தெரியாமலே போயிருக்கும்.

செயலி தருவது, நீங்கள் ஏற்கெனவே கேட்டதை வைத்துப் போடும் கணக்கு. அதிலும் நல்ல பாட்டு வரும், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பாட்டில் எந்த இடத்தில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும் என்பதை அனுபவித்துக் கேட்ட ஒருவர்தான் சொல்ல முடியும். ஸ்டீரியோ பதிவுக்காகவே பேசப்பட்ட 'ப்ரியா' (1978) பாட்டுகளைச் செல்போன் ஸ்பீக்கரில் கேட்டால் வலது எது, இடது எது என்று தெரியாது. பஸ்ஸில் ஒரே இயர்போனை ஆளுக்கு ஒரு காதில் மாட்டிக்கொள்ளும் நண்பர்கள், ஸ்டீரியோ பாட்டு என்றால் ஒருவர் கேட்கும் வாத்தியத்தை இன்னொருவர் கேட்பதில்லை. "இந்தப் பக்கம் மாத்திக் கேளு" என்று ஒருவர் சொன்னால்தான் பாட்டு முழுசாகும். பாட்டு வரிகளே இல்லாத 'ஹவ் டு நேம் இட்?' (1986) ஆல்பமும் அப்படித்தான். தியாகராஜருக்கும் ஜெர்மனியின் பாக் என்ற இசை மேதைக்கும் இளையராஜா அதைச் சமர்ப்பித்தார் என்று தெரிந்த பிறகு கேட்டால், வயலின்கள் பேசிக்கொள்வது வேறு மாதிரி கேட்கும்.

பாட்டைப் பகிர்வதில் ஒரு சிக்கலும் உண்டு. ராஜாவா ரஹ்மானா என்று தொடங்கும் பேச்சு எங்கே போய் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். 1992-ல் 'ரோஜா' வந்ததிலிருந்து நடக்கும் பட்டிமன்றம் இது. இன்னும் தீர்ப்பு வரவில்லை. சண்டையில் சுவாரஸ்யம் உண்டு, ஆனால் அதில் யாரும் புதுப் பாட்டு ஒன்றைக் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை. வீட்டில் இது இன்னும் மோசம். பிள்ளை ஆசையாகக் கொண்டுவந்து காட்டும் பாட்டை, "இதெல்லாம் ஒரு பாட்டா?" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டால், அந்தப் பிள்ளை மறுபடி எதையும் காட்டாது. பாட்டோடு போகாமல், பிறகு மற்ற விஷயங்களைச் சொல்வதும் குறைந்துவிடும். பெரியவர்களின் பழைய பாட்டை "போர்" என்று பத்தாவது நொடியில் தள்ளிவிடும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

பிடிக்கவில்லை என்றால் தாராளமாகச் சொல்லலாம். "முழுசா கேட்டேன், அந்த டிரம்ஸ் சத்தம்தான் ஒத்து வரல" என்று சொன்னால் போதும். கேட்டுவிட்டுச் சொல்கிறார் என்று தெரிந்தாலே அடுத்த பாட்டு வரும்.

உங்கள் வீட்டிலும் போனில் "சாப்ட்டியா?"வோடு பேச்சு முடிந்துவிடுகிற ஒருவர் இருக்கலாம். இன்று ராத்திரி அவருக்கு ஒரு பாட்டு அனுப்புங்கள். பாடியவர் யார், எழுதியவர் யார் என்று தெரிந்தால் சேர்த்து எழுதுங்கள். எந்த இடத்தில் உங்களுக்குச் சிலிர்த்தது என்று ஒரு வரி போடுங்கள். குரூப்பில் போட வேண்டாம், அவருக்கு மட்டும் அனுப்புங்கள். பதில் வர ஒரு நாள் ஆனாலும் பரவாயில்லை. பாட்டை முழுசாகக் கேட்டுக்கொண்டிருப்பார்.