படகா, ரிசார்ட்டா?

மாலத்தீவில் எங்கே தங்குவது? போடியைச் சேர்ந்த ஏலக்காய் வியாபாரிக்கும் மனைவிக்கும் இதுதான் வழக்கு. ஸ்கூபா பழகிய அவருக்குப் படகிலேயே ஒரு வாரம் தங்கி, தினம் 3, 4 முறை முங்க ஆசை. ரிசார்ட்டிலிருந்து எட்டாத பவளப்பாறைக்கெல்லாம் படகு போகும், ஆசையில் தப்பில்லை.

மனைவிக்குப் பழைய கதை ஞாபகம். புதுச்சேரியில் முங்கிவிட்டு, அன்றிரவே 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, 4,000 அடிக்கு மேலிருக்கும் போடிமெட்டுத் தோட்டத்துக்குக் கிளம்பியவரைப் பயிற்சியாளர்தான் தடுத்தார். உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெல்லத்தான் வெளியேறும். அதற்குள் உயரத்துக்குப் போனால் குமிழியாகி மூட்டுவலி வரும்; கை கால்கூட விழலாம். விமானம் ஏறவும் அப்படித்தான்: ஒருமுறை முங்கினால் 12 மணி நேரம், பலமுறை என்றால் 18 மணி நேரமாவது பொறுக்க வேண்டும்.

ரிசார்ட்டில் நினைத்தபோது முங்குவதை நிறுத்திக்கொள்ளலாம். படகில் எல்லாரும் குதிக்கும்போது?

"நீங்க சும்மா இருக்க மாட்டீங்க" என்றார் மனைவி. ரிசார்ட்டுக்கே அட்வான்ஸ் போனது.