மூன்றாம் மாடியின் ஈரம்

ஜூன் 3, 2019

நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு இருந்ததில்லை. ஆனால் இன்று காலை பின்பக்கத்து ஆழ்துளைக் கிணற்றின் மோட்டார் கால் மணி நேரம் ஓடியும் சம்ப்பில் ஜலம் விழும் சத்தம் எழாமல், குழாயின் வாயில் காற்று மட்டும் சீறிக்கொண்டிருந்ததைக் கேட்டபோது, இனி நடக்கப்போவதையெல்லாம் எழுதி வைத்துக்கொள்ளாவிட்டால் நிதானம் தவறிவிடுவேனோ என்ற பயம் உண்டாயிற்று. நங்கநல்லூரில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட இந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கத்துக்கு நான் காரியதரிசியாகி இரண்டு மாதந்தான் ஆகிறது. போன வருஷம் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடக்கின்றன. 12,000 லிட்டர் லாரிக்கு 4,500 ரூபாய் கேட்கிறார்கள். வீட்டுக்கு 1,000 லிட்டர். சிக்கனமாகப் புழங்கினால் இரண்டு நாள்.

ஜூன் 5

லாரி இரவு இரண்டரை மணிக்கு வந்தது. டார்ச் அடித்து அளவு பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். அதன்பின் தூக்கம் வரவில்லை.

ஜூன் 9

கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டுப் பொதுக்கூட்டம் நடத்தினோம். காலையில் ஒரு மணி நேரமும் மாலையில் அரை மணியும் மட்டுமே தண்ணீர் விடுவதென்பதை எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். லாரிச் செலவை வீட்டின் சதுர அடிப்படி பங்கிடுவதா, தலைக்கு இவ்வளவென்று பங்கிடுவதா என்பதில்தான் மனஸ்தாபம் முளைத்தது. இரண்டே பேர் வசிக்கும் வீட்டுக்காரர், ஏழு பேர் குளிக்கும் தண்ணீருக்குத் தாம் ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்று கேட்டார். அதில் நியாயம் இல்லையென்று என்னால் சொல்ல முடியவில்லை. இப்படிப் பேச்சு முற்றிக்கொண்டிருக்கையில், எட்டு மாதமாக மெயின்டனன்ஸ் கட்டாத மூன்றாம் மாடி வீட்டை யாரோ பிரஸ்தாபித்தார். “காசு கொடுக்காதவருக்கு நாம் விலை கொடுத்து வாங்கிய தண்ணீரா? வால்வை மூடுங்கள்” என்று எழுந்த குரலை அடக்க எனக்குச் சக்தி இல்லை. வந்திருந்த பத்துப் பேரில் ஏழு பேர் கை தூக்கினார்கள், இருவர் கூடாதென்றார்கள். நான் கை தூக்கவில்லை, கூடாதென்று சொல்லவுமில்லை. தீர்மானத்தை மினிட் புத்தகத்தில் என் கையாலேயே எழுதினேன்.

ஜூன் 11

பிளம்பரை மாடிக்கு அழைத்துப்போய் விஷயத்தைச் சொன்னேன். தொட்டியிலிருந்து இறங்கும் குழாய்களை ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினார். “இது சமையலறை லைன், இது பாத்ரூம் லைன். இதை மூடினால் அந்த வீட்டோடு நிற்காது சார். அதற்குக் கீழே இரண்டாம் மாடி, முதல் மாடி, எல்லாம் சேர்ந்து நின்றுபோகும். தனித்தனியாகப் பிரித்துக் கட்டவில்லை.” கிரயப் பத்திரத்தில் என் பெயருக்கு 450 சதுர அடி மனை பிரிபடாத பாகமாக எழுதியிருக்கிறது, அது இந்த மனையில் எந்த மூலையென்று எவராலும் காட்ட முடியாது. மாடிப்படியில் இறங்கும்போது அந்த ஞாபகம் வந்தது. பிளம்பருக்கு 200 ரூபாய் கொடுத்தனுப்பினேன்.

ஜூன் 13

தீர்மானத்தைத் தெரிவிக்கும் நோட்டீஸை நானே எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போனேன். கதவைத் திறந்தவர் அதை வாங்கிப் படிக்காமல், “உள்ளே வந்து பாருங்கள் சார்” என்று படுக்கையறைக்கு அழைத்துப் போனார். கூரையின் மூலையில், ஒரு பாயை விரித்த அகலத்துக்கு, பழுப்பேறிய கறை; அதன் நடுவில் பூச்சு பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி இரண்டு வெளியே தெரிந்தன. கட்டிலை எதிர்ச்சுவரோரம் நகர்த்தியிருந்தார்கள். “இரண்டு வருஷமாக எழுதிக் கொடுத்தாயிற்று. கூரையைச் சரிசெய்யட்டும், அன்றைக்கே மொத்தப் பணத்தையும் கட்டுகிறேன். மழை வந்தால் கூப்பிடுகிறேன், நீங்களே வந்து பாருங்கள்.” அவருடைய தாயார் மோர் கொண்டுவந்தார்கள். தண்ணீர்ப் பஞ்சத்திலும் டம்ளர் நிறைய. நோட்டீஸ் என் சட்டைப் பையிலேயே திரும்பி வந்தது.

ஜூன் 14

சங்கத்தின் பழைய கோப்பில் அவருடைய கடிதங்கள் மூன்றும் இருக்கின்றன. ‘பெறப்பட்டது’ என்று சங்க முத்திரை மூன்றிலும் உண்டு. பதில் ஒன்றுக்கும் இல்லை.

ஜூன் 17

லாரிக்காரரிடம் நான் கமிஷன் வாங்குவதாகக் கீழ்வீட்டில் பேச்சாம். காவலாளி சொன்னார். ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன்.

ஜூன் 20

மழை! ஆறு மாதத்துக்கும் மேலாகக் காணாத மழை சாயங்காலம் பெய்தது. பன்னிரண்டு வீட்டுக் குழந்தைகளும் மாடியில் நனைந்தார்கள்; வாளியும் அண்டாவும் குடமுமாகக் கொண்டுவந்து வைத்த பெரியவர்களும் நனைந்தார்கள். ராஜினாமாவைப் பற்றி நாளைக்கு யோசிக்கலாம்.

ஜூன் 21

காலை ஆறு மணிக்கு மூன்றாம் மாடியிலிருந்து அழைப்பு. கறை கறுத்து, கம்பியின் நுனியிலிருந்து பிளாஸ்டிக் வாளிக்குள் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. மாடிக்கு ஏறிப் பார்த்தால், சரியாக அந்த அறைக்கு மேலே இரண்டு விரற்கடை உயரத்துக்கு நீர் தேங்கி நிற்கிறது. மழைநீர்க் குழாயின் வாய் சருகும் சிமெண்ட் கட்டியுமாக அடைபட்டிருக்கிறது. அந்தக் குழாய், மழைநீர் சேகரிப்பை அரசு கட்டாயமாக்கிய 2003-இல் வெட்டிய உறிஞ்சு குழிக்குப் போவது. குழியின் சிலாப் மேல் ஒரு ஸ்கூட்டர் நின்றது. அதை நகர்த்தித் திறக்கச் செய்தேன். உள்ளே விளிம்பு வரை மண். எந்த வருஷம் கடைசியாகத் தூர் வாரினார்கள் என்று பதிவேட்டில் தேடினேன், ஒரு வரியும் இல்லை. பூமிக்குள் இறங்கியிருக்க வேண்டிய ஜலம் ஒருவர் படுக்கையறையில் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த ஜலத்தைத்தான் நாங்கள் இரவு இரண்டரை மணிக்கு விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தோம்.

ஜூலை 12

ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் இன்று வில்லிவாக்கத்துக்கு வந்தது: 50 வேகன்கள், 25 லட்சம் லிட்டர். தொலைக்காட்சியில் அதைப் பார்த்தபடியே கணக்குப் போட்டேன். எங்கள் மொட்டைமாடி 2,700 சதுர அடி. ஒரு சென்டிமீட்டர் மழைக்கு ஏறக்குறைய 2,500 லிட்டர். சென்னையின் வருஷச் சராசரி மழை சுமார் 140 சென்டிமீட்டர். அதன்படி மூன்றரை லட்சம் லிட்டர், அதாவது இருபத்தொன்பது லாரி. தப்பாக இருக்குமோ என்று மறுபடியும் போட்டுப் பார்த்தேன். அதே விடைதான்.

ஜூலை 14

தூர் வாரும் வேலை இன்று முடிந்தது. மண்ணோடு பால்பாக்கெட் உறைகளும் ஒரு டென்னிஸ் பந்தும் வந்தன. புதிதாக ஜல்லியும் மணலும் நிரப்பி, குழாய் வாய்க்கு வலை கட்டியிருக்கிறோம். மூன்றாம் மாடிக்காரரும் அரை நாள் கூட நின்றார். கூரைக்கு நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு போட 38,000 ரூபாய் கேட்கிறார்கள். சங்கத்தின் கையிருப்பு 11,260. எட்டு மாதப் பாக்கி ஒன்பதாகிவிட்டது. கேட்க எனக்கு நா எழவில்லை. ஜூன் 9-ஆம் தேதித் தீர்மானம் மினிட் புத்தகத்தில் ரத்துச் செய்யப்படாமல் அப்படியே இருக்கிறது. அடுத்த கூட்டம் ஆகஸ்டில்.