புறவாசலில் இளவேனில்

நுழையும்முன்

ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த தமிழர், சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்றனர். வெயில் ஏறுவதும் கிணற்றில் நீர் இறங்குவதும் இம்மாதங்களில்தான். மரங்கள் பூத்துக் குலுங்குவதும் இம்மாதங்களில்தான். ஒரு வீட்டின் புறவாசலில் இளவேனிலில் பூத்தவற்றை நாள்தோறும் குறித்துவைத்தாள் ஒரு மாணவி. அக்குறிப்பேடு எதற்குப் பயன்பட்டது என்பதை இக்கட்டுரை கூறுகிறது.

கடைசி வேனில்

பாளையங்கோட்டையில் பழைய ஓட்டு வீடு ஒன்று. முன்வாசலைக் கடந்து, கூடத்தையும் அடுக்களையையும் தாண்டிச் சென்றால் புறவாசல் வரும். நாற்பது அடி நீளமும் இருபத்தைந்து அடி அகலமும் உடைய மண்தரை அது. ஒரு மூலையில் வேம்பு; கிணற்றை ஒட்டிப் புங்கு; மதிலோரம் சரக்கொன்றை; அடுக்களை வாசலுக்கு நேரே முருங்கை. இவற்றின் இடையே மல்லிகை, செம்பருத்தி, கறிவேப்பிலை, அந்திமந்தாரை. பாத்திரம் கழுவும் நீர் பாயும் இடத்தில் ஒரு பூசணிக்கொடி. இவை அனைத்தையும் வளர்த்தவர் அவ்வீட்டு ஆச்சி. எழுபத்து நான்கு வயதிலும் நாள்தோறும் விடியுமுன் எழுந்து புறவாசலைப் பெருக்குவது அவர் வழக்கம்.

அவ்வாண்டு மாசி மாதத்தில் ஒருநாள், பெருக்கிக்கொண்டிருந்த ஆச்சி வழுக்கி விழுந்தார். வலக்கை மணிக்கட்டில் எலும்பு முறிந்தது. செய்தி கேட்டுச் சென்னையிலிருந்து ஓடிவந்த மகன், கட்டுப்போட்ட கையைக் கண்டு கலங்கினார். அன்றே முடிவும் செய்தார். புறவாசல் முழுவதற்கும் சிமெண்டுத் தளம் போட்டுவிட வேண்டும். குப்பை கொட்டும் மரங்களை அகற்றிவிட வேண்டும். வைகாசி பிறந்ததும் கொத்தனார் வருவார். மகனின் அச்சத்தில் நியாயம் இருந்ததால் ஆச்சியால் மறுத்துப் பேச இயலவில்லை.

பத்தாம் வகுப்புத் தேர்வை முடித்த பேத்தி, சித்திரை பிறப்பதற்கு மூன்று நாள் முன்னதாக ஆச்சிக்குத் துணையாக வந்து சேர்ந்தாள். மறுநாள் காலையில் ஆச்சி அவளிடம் கோடு போட்ட குறிப்பேடு ஒன்றைக் கொடுத்தார்.

“இந்தக் கையால எழுத முடியலை தாயி. இந்த வருசம் என்னென்ன பூக்குதுன்னு நீ எழுதி வை. அடுத்த வருசம் பார்க்கறதுக்கு ஏடாவது இருக்கட்டும்.”

விளையாட்டாக வாங்கிக்கொண்ட பேத்தி, ஆச்சியின் முகத்தைப் பார்த்த பின் மறுமொழி ஏதும் பேசவில்லை.

நீர் ஊற்றாத மரங்களின் பூ

ஏட்டின் முதல் பக்கம் வேம்புக்கு உரியதாயிற்று. பங்குனியில் பழுத்த இலைகளை உதிர்த்துவிட்டுச் செம்பு நிறத்தில் தளிர்த்திருந்த மரம், இப்போது சிறு வெண்பூக்களைக் கொத்துக் கொத்தாகத் தாங்கி நின்றது. இரவில் மரத்தடியில் பழைய வேட்டி ஒன்றை விரித்து வைத்தால், விடியலில் அதன்மீது பூ உதிர்ந்து கிடக்கும். அதைத் திரட்டிக் காம்பும் தூசியும் நீக்கி உலர்த்தினர். சித்திரை முதல் நாளன்று வேப்பம்பூவும் மாங்காயும் வெல்லமும் சேர்ந்த பச்சடி இலையில் விழுந்தது. மிஞ்சிய பூ, ஆண்டு முழுவதும் ரசத்திற்கு உதவும் வகையில் பானைக்குள் சென்றது.

அதே வாரத்தில் சரக்கொன்றை பூத்தது. ஓரிரு இலைகளே எஞ்சியிருந்த கிளைகளிலிருந்து பொன்னிறச் சரங்கள் தொங்கின. மேற்கே மலைத்தொடருக்கு அப்பால் கேரளத்தில் இம்மலரே விஷுக்கணியில் வைக்கப்படுவதையும், அம்மாநிலத்தின் மலராக இருப்பதையும் பேத்தி பள்ளியில் படித்திருந்தாள். படித்திராத ஒன்றை மரத்தடியில் நின்று அறிந்தாள். பெரிய கருவண்டு ஒன்று பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்யும். அவ்வதிர்வில் பூந்தாது உதிர்ந்து அதன் உடலெங்கும் படியும். ‘வண்டின் ரீங்காரம்’ என்று எத்தனையோ முறை எழுதிய அவளுக்கு, அவ்வொலிக்குள் இப்படியொரு வேலை நடப்பது அன்றுதான் தெரிந்தது.

புங்கு சற்றுத் தாமதமாகச் சித்திரை நடுவில் பூத்தது. இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட வெண்பூக்கள் மரத்தில் இருந்ததைவிடத் தரையில் மிகுதியாகக் கிடந்தன. பூவின் பருவங்களைக் குறிக்கத் தமிழில் தனித்தனிச் சொற்கள் உண்டு. தோன்றும் நிலை அரும்பு. விரியத் தொடங்கும் நிலை போது. மலர்ந்த நிலை மலர். உதிர்ந்து வீழ்ந்த நிலை வீ. வாடிய நிலை செம்மல். தேர்வுக்காக மனப்பாடம் செய்த இச்சொற்களைப் பேத்தி ஏட்டில் கட்டங்களாக வரைந்து, ஒவ்வொரு செடிக்கும் ஒவ்வொரு நாளும் உரிய கட்டத்தில் குறியிட்டாள். புங்கின் கீழே நின்று, “வீ” என்று எழுதியபோது அவ்வோரெழுத்துச் சொல் எதற்காகத் தோன்றியது என்பது அவளுக்கு விளங்கிற்று.

கிணற்றில் நீர் நாளுக்கு நாள் கீழே போய்க்கொண்டிருந்தது. மார்கழிக்குப் பின் ஒரு மழைகூட இல்லை. இத்தனை வறட்சியில் மரங்கள் எவ்வாறு பூக்கின்றன என்று அவள் கேட்டாள்.

“நாம ஊத்தற தண்ணிய நம்பி அதுக நிக்கலை. ஐப்பசி கார்த்திகையில மண்ணு குடிச்சுச்சுல்லா, அதைத்தான் வேரு இப்ப தேடிக் குடிக்குது” என்றார் ஆச்சி.

எழுத்தறிவு குறைந்த ஆச்சி கூறியதில் அறிவியல் இருந்தது. ஆழ வேரோடிய மரம், மழைக்காலத்தில் மண்ணுக்குள் இறங்கிய நீரை வேனிலில் எடுத்துக்கொள்கிறது. பூந்தாதை நனைத்துக் கெடுக்க மழையில்லாத காலம், பூப்பதற்கு ஏற்ற காலமாகவும் அமைகிறது. மண் மழைநீரைக் குடித்தால்தான் இது நிகழும். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு கட்டடங்கள் அனைத்திலும் மழைநீர்ச் சேகரிப்பு அமைப்பு கட்டாயமாக்கப்பட்டதும் இந்நோக்கத்திற்காகவே. ஆச்சியின் புறவாசலில் அவ்வேலையை வெறும் மண்தரை செய்துகொண்டிருந்தது. இதைப் பேத்தி ஏட்டில் எழுதியபோது, கொத்தனார் வரப்போகும் நாள் அவள் நினைவுக்கு வந்தது.

கை தொட்டுக் காய்த்த பூ

மரங்களுக்கு நீர் ஊற்ற வேண்டியதில்லை. மல்லிகைக்கு ஊற்றியாக வேண்டும். கார்த்திகைக் கடைசியில் ஆச்சி கவாத்து செய்த செடி, பங்குனியில் தொடங்கி விடாது பூத்துக்கொண்டிருந்தது. குளித்த நீரையும் துணி அலசிய நீரையும் குடங்களில் சேர்த்துச் செடியடியில் ஊற்றினர். மாலை நான்கு மணியளவில் பறித்த போதுகள், தொடுத்து முடிக்கும் வேளையில் ஒவ்வொன்றாக விரியத் தொடங்கும். வலக்கையில் இன்னும் வலி இருந்ததால் ஆச்சியால் நாரை இறுக்கிக் கட்ட முடியவில்லை. பேத்தியின் விரல்களுக்கு அக்கலை முதல் வாரத்தில் வரவில்லை; சரம் நெகிழ்ந்து பூக்கள் சிந்தின. இரண்டாம் வாரத்தில் சிந்தவில்லை.

பூசணிக்கொடி வேறொரு பாடம் நடத்தியது. அதன் பெரிய மஞ்சள் பூக்கள் விடியலில் விரிந்து முற்பகலுக்குள் சுருங்கிவிடும். முதலில் பூத்தவை அனைத்தும் நீண்ட காம்புடைய ஆண்பூக்கள். பின்னர், அடியில் சிறு உருண்டைப் பிஞ்சைத் தாங்கிய பெண்பூக்கள் வந்தன. முதல் மூன்று பிஞ்சுகளும் மஞ்சளித்து உதிர்ந்தன. ஏட்டைப் புரட்டிப் பார்த்தபோது, அப்பெண்பூக்கள் மலர்ந்த காலைகளில் ஓர் ஆண்பூவும் மலர்ந்திருக்கவில்லை என்பது தெரிந்தது.

சித்திரை ஒன்பதாம் நாள் விடியலில் ஆண்பூ ஒன்றும் பெண்பூ ஒன்றும் ஒருசேர மலர்ந்தன. ஆச்சி சொல்லிக்கொடுத்தபடி பேத்தி ஆண்பூவைப் பறித்து, இதழ்களைக் களைந்து, நடுவிலிருந்த தாதினைப் பெண்பூவின் சூல்முடியில் மெல்லத் தடவினாள். ஐந்து நாள் கழித்துப் பார்த்தபோது பிஞ்சு உதிரவில்லை, பருத்திருந்தது. அன்று ஏட்டில் அவள் எழுதியது ஒரே ஒரு சொல்: “நின்றது.”

மதிலின் விரிசல் ஒன்றில் கொசுத்தேனீக்கள் கூடு கட்டியிருந்தன. ஈயினும் சிறிய, கொட்டாத அத்தேனீக்கள் மெழுகுக் குழாய் ஒன்றை வாயிலாக அமைத்து அதன் வழியே வேப்பம்பூவுக்கும் கறிவேப்பிலைப் பூவுக்கும் போய்வந்தன. மதிலைப் பூசினால் அவ்வாயில் அடைபடும். அதையும் அவள் குறித்துக்கொண்டாள்.

ஒரு கோடு

வைகாசி முதல் வாரத்தில் மகன் வந்தார், கொத்தனாரும் வந்தார். அளவுநாடா தரையில் விரிந்தது. ஆச்சி அடுக்களை வாசற்படியில் அமர்ந்து மரங்களைப் பாராமல் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“அப்பா, இதை ஒரு தடவை பாருங்க” என்று மகள் ஏட்டை நீட்டினாள்.

பூக்களைக் குறிக்க வசதியாக அவள் புறவாசலின் வரைபடம் ஒன்றை வரைந்திருந்தாள். அதில், ஆச்சி நாள்தோறும் நடக்கும் வழியை மையால் கோடிட்டிருந்தாள். அடுக்களை வாசலிலிருந்து துவைகல்லுக்கு; அங்கிருந்து கிணற்றடிக்கு; பின்னர் மல்லிகைக்கு. நாற்பது நாளும் அதே கோடுதான். ஆச்சி விழுந்த இடம் துவைகல்லின் அருகே, நீர் தேங்கிப் பாசி படிந்திருந்த இடம். மண்ணோ பூவோ அன்று, தேங்கிய நீரே அவரை வழுக்கச் செய்தது.

“இந்த வழிக்கு மட்டும் தளம் போட்டாப் போதும்ப்பா. மற்ற இடத்துல ஆச்சி கால் வைக்கறதே இல்லை.”

தந்தை நெடுநேரம் அவ்வரைபடத்தைப் பார்த்தார். பின்னர் ஏட்டின் மற்ற பக்கங்களையும் புரட்டினார். “நின்றது” என்ற சொல் எதைக் குறிக்கிறது என்று கேட்டார். மகள் அவரைக் கொடியருகே அழைத்துச் சென்று இலையை விலக்கிக் காட்டினாள்.

“பெருக்கறதுதான் கஷ்டம். இவ்வளவு பூவையும் இலையையும் அம்மா எப்படிக் குனிஞ்சு அள்ளுவாங்க?” என்ற அவருடைய வினாவுக்கு ஏட்டில் விடையில்லை. விடை சொன்னவர் ஆச்சி.

“இனிமே நடக்கற பாதையை மட்டும் பெருக்கறேன். மற்றது மண்ணுலேயே மக்கட்டும். அடுக்களை வாசல் முருங்கையையும் வேணும்னா வெட்டிக்கோ. லேசாக் காத்தடிச்சாலே கொப்பு முறியுது, எனக்கே பயம்தான்.”

நாற்பதாண்டுப் பழக்கத்தையும் ஒரு மரத்தையும் அவர் விட்டுக்கொடுத்தார். மூன்றடி அகலத்தில், கால் வழுக்காத வகையில் சொரசொரப்பான பாதை ஒன்று போடப்பட்டது. துவைகல்லின் நீர் தேங்காமல் செம்பருத்தியடிக்கு ஓட ஒரு வாய்க்கால் அமைந்தது. கைப்பிடியாகப் பாதையோரம் ஓர் இரும்புக் குழாய் நின்றது. மதிலைப் பூசிய கொத்தனார், கொசுத்தேனீயின் வாயிலைச் சுற்றி ஒரு சாண் இடத்தைப் பூசாமல் விட்டார். அதை யாரும் அவரிடம் கேட்டுக்கொள்ளவில்லை. வெட்டப்பட்ட முருங்கையின் போத்து ஒன்றை மகனே மதிலோரம் நட்டார்.

பள்ளி திறக்கும் நாள் நெருங்கியதால் பேத்தி சென்னைக்குப் புறப்பட்டாள். சரக்கொன்றையில் சில சரங்களே மிஞ்சியிருந்தன. வேம்பில் பூ நின்ற இடங்களில் பச்சைக் காய்கள் தோன்றியிருந்தன. ஏட்டை அவள் ஆச்சியிடம் கொடுத்தாள். ஆச்சி அதைத் திருப்பித் தந்தார்.

ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் தொலைபேசி ஒலித்தது. பூசணிக்காயை அறுத்துப் பாதியை அடுத்த வீட்டுக்குக் கொடுத்ததாகவும், முருங்கைப் போத்து துளிர்த்துவிட்டதாகவும் ஆச்சி கூறினார். பிறகு குரல் சற்றே உயர்ந்தது.

“வேப்பம்பழம் விழ ஆரம்பிச்சாச்சு. கிளி வந்து கொத்துது. இன்னைக்கு என்ன தேதி தாயி? எழுதிக்கோ.”

பேத்தி ஏட்டை எடுத்துப் புதிய பக்கத்தைத் திருப்பினாள்.