புத்தகப் பையின் அடியில்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மதிய மணி அடித்ததும் தட்டை எடுத்துக்கொண்டு ஓடுவோம். சத்துணவு ஆயா சோறு போட்டுச் சாம்பார் ஊற்றுவார். அப்பாவுக்கு எவ்வளவு சம்பளம் என்று எங்களை யாரும் கேட்டதில்லை. அந்தப் பழக்கத்தில்தான் 2016இல் நியூ மெக்சிகோவில் மகளை முதல் வகுப்பில் சேர்த்தேன். பள்ளியில் மதியச் சாப்பாடு உண்டு என்றார்கள். அதற்குக் காசு உண்டா என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

அக்டோபரில் ஒரு நாள் மகள் வாடிய முகத்தோடு வந்தாள். "தட்டுல வச்ச பீட்சாவ திரும்ப எடுத்து குப்பையில போட்டுட்டாங்கம்மா. எனக்கு மட்டும் இதக் குடுத்தாங்க" என்று பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காத ஒரு சீஸ் ரொட்டியை நீட்டினாள். சில்லிட்டு விறைத்திருந்தது. அவள் கணக்கில் கடன் ஏறியிருந்ததாம். புத்தகப் பையைக் கவிழ்த்து உதறினேன். வாழைப்பழம் கசிந்து அடியில் ஒட்டிப்போன ஓர் உறை விழுந்தது. பள்ளி திறந்த வாரத்தில் கொடுத்தனுப்பியது. இலவச, சலுகை விலைச் சாப்பாட்டுக்கான விண்ணப்பம் அதற்குள் இருந்தது.

அமெரிக்காவில் 1946இல் அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்ட தேசியப் பள்ளி மதிய உணவுச் சட்டம் இன்னமும் நடப்பில் இருக்கிறது. குடும்ப வருமானம் வறுமைக்கோட்டின் 130 சதவீதத்துக்குள் இருந்தால் சாப்பாடு இலவசம்; 185 சதவீதம் வரை என்றால் அதிகபட்சம் 40 சென்ட். இதை ஆண்டுதோறும் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் விதி. மோட்டலில் இரவு வேலை பார்த்த என் கணவருக்கு அந்தக் கோடையில் வேலை நேரத்தைக் குறைத்திருந்தார்கள். சலுகை என்ன, இலவசத்துக்கே எங்களுக்குத் தகுதி இருந்தது. விதிப்படி அவர்கள் தெரிவித்துவிட்டார்கள். எங்களுக்குத்தான் தெரியவில்லை.

படிவத்தைப் பார்த்ததும் கணவர் பயந்தார். "அரசாங்கத்துகிட்ட சாப்பாட்டுக்குக் கை நீட்டினா நாளைக்கு கிரீன் கார்டு குடுப்பானா?" இந்தப் பயம் இங்கே எத்தனையோ வீடுகளில் பிள்ளையின் தட்டைப் பறித்திருக்கிறது. நூலகத்தில் இருந்த ஒரு பெண்மணி பொறுமையாக என்னோடு உட்கார்ந்து படிவத்தை வரிவரியாகப் படித்துக் காட்டினார். விசா பற்றி ஒரு கேள்வியும் இல்லை. பெரியவர் ஒருவருடைய சமூகப் பாதுகாப்பு எண்ணில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் போதும்; எண்ணே இல்லாதவர் அதற்கான கட்டத்தில் குறியிட்டால் போதும். பள்ளிச் சாப்பாட்டைக் குடியேற்றத் துறை நமக்கு எதிராகக் கணக்கில் எடுப்பதில்லை என்பதையும் அன்றுதான் அறிந்தேன்.

அடுத்த வசந்தத்தில், 2017 ஏப்ரலில், மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றிய ஒரு சட்டம் ஒப்புதல் பெற்றது. சாப்பாட்டுக் கடனுக்காகப் பிள்ளைகளை அவமானப்படுத்தக் கூடாது என்று நாட்டிலேயே முதலில் சட்டம் போட்ட மாநிலம் இதுதான். அதைக் கொண்டுவந்த செனட்டர் மைக்கேல் படீயா வளர்ப்பு இல்லங்களில் வளர்ந்தவர், சிறுவனாக இருந்தபோது பள்ளி உணவுக்கூடத்தில் தரை துடைத்தவர். பரிமாறிய சாப்பாட்டைப் பிடுங்கி எறியக் கூடாது, கையில் முத்திரை குத்தக் கூடாது, கடனைப் பற்றிப் பெற்றோரிடம்தான் பேச வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. எனக்குப் பெரிதாகப்பட்டது வேறொரு பிரிவு. விண்ணப்பம் பெற்றோருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஐந்து சாப்பாட்டுக்குக் கடன் சேர்ந்தால், அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே தகுதி உண்டா என்று பள்ளியே பட்டியலைப் பார்க்க வேண்டும். குறைந்தது இரண்டு தடவையாவது பெற்றோரைத் தேடிப்பிடித்து விண்ணப்பம் நிரப்பச் சொல்ல வேண்டும். தலைமையாசிரியரோ துணைத் தலைமையாசிரியரோ ஆலோசகரோ பேசி, நிரப்பவும் உதவ வேண்டும். காகிதத்தைப் பையில் திணித்ததோடு பள்ளியின் கடமை முடிந்துவிடாது என்று ஒரு சட்டமே சொன்னது. எங்கள் அக்டோபருக்கு முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று அன்றைக்கு அழுதேன்.

அடுத்த ஆண்டு பள்ளியிலிருந்து அப்படி ஓர் அழைப்பு பக்கத்து வீட்டுத் தங்கைக்கு வந்தது. "அக்கா, அபராதம் போடக் கூப்பிடுறாங்களோ?" என்று போனோடு ஓடிவந்தாள். ஸ்பீக்கரில் போட்டு இருவரும் கேட்டோம். துணைத் தலைமையாசிரியர் நிதானமாகக் கேட்டார்: விண்ணப்பத்தில் எந்த இடம் புரியவில்லை, வீட்டில் வேறு ஏதும் கஷ்டமா? அவளுக்குப் புரியாத இடம் குடும்பத்தில் எத்தனை பேர் என்பது. "ராமநாதபுரத்துல இருக்கிற மாமியாருக்கு மாசாமாசம் பணம் அனுப்புறோமே, அவங்களையும் எழுதலாமா?" எழுத முடியாது. ஒரே வீட்டில் இருந்து செலவைப் பகிர்பவர்கள் மட்டும்தான் கணக்கு. அந்த விதி சரியென்று என் மனது இன்னும் ஒப்பவில்லை.

2023இல் நியூ மெக்சிகோ பள்ளிச் சாப்பாட்டை எல்லோருக்கும் இலவசமாக்கிவிட்டது. ஆனாலும் படிவத்துக்கு வேலை இருக்கிறது. மத்திய அரசு பள்ளிகளுக்குத் திருப்பித் தரும் பணத்துக்குப் பல இடங்களில் அது ஓர் ஆதாரம். 2024இல் வந்த கோடைக்கால உதவித் திட்டத்தில் அந்த ஆண்டு பிள்ளை ஒன்றுக்குக் கிடைத்த 120 டாலருக்கும் அது ஒரு வழி. இதைச் சொன்னால், "சாப்பாடுதான் இலவசமாச்சே, அப்புறம் எதுக்கு?" என்று புதிதாக வருகிறவர்கள் கேட்கிறார்கள்.

போன ஆகஸ்டில் ஊரிலிருந்து புதிதாக வந்த ஒரு குடும்பம் எங்கள் சமையலறை மேசையில் அந்தப் படிவத்தை விரித்து வைத்தது. நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். மகள்தான் பேனாவோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஆன்ட்டி, சம்பளம் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ வருதா, இல்ல மாசத்துக்கு ரெண்டு தடவையா?" ரெண்டும் ஒன்றுதானே என்றார் அந்த அம்மா. "இல்ல ஆன்ட்டி. ஒண்ணு வருஷத்துக்கு 26 தடவ, இன்னொண்ணு 24. சம்பளச் சீட்டு இருந்தா குடுங்க, பாத்து எழுதலாம்" என்றாள்.